ஏழாம் நம்பர் டேங்க் அடங்கும் நேரம்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை தெரிகிறதா பாருங்கள். படி ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய வயிறு ஒன்று. அதற்கு உச்சந்தலையில் ஒரே ஒரு வாய். வாயைத் திறந்தால் பேச்சு வராது, மூச்சு வரும். வயிறு நிறைந்த உடனே தொட்டால் பொல்லாத கோபம். அரை மணி நேரம் விட்டுத் தொட்டால் பூனைக்குட்டி. அது என்ன? நித்திலாவுக்கு ஆறு வயதாக இருந்தபோது அவள் அம்மா சந்தனமாரி இந்த விடுகதையைப் போட்டாள். யாரும் சொல்லிக்கொடுத்தது அல்ல, வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது அவளே கட்டியது. நித்திலா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அப்பா!" என்றாள். மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்த லிங்கத்துரை நிமிர்ந்தான். "ஏட்டி, எனக்கு உச்சந்தலையிலயா வாய் இருக்கு?" "வாய் எங்க இருந்தா என்ன? சாப்ட்ட ஒடனே தொட்டா நீங்க கோவப்படுதீங்கள்லா?" அன்று சிரித்ததில் சந்தனமாரிக்குப் புரையேறிவிட்டது. ஐந்து வருடம் கழித்து இன்று காலையில் அது நினைவுக்கு வந்து அவள் தனியாகச் சிரித்துக்கொண்டாள். விடை அவள் கண்ணெதிரே நாற்பத்தெட்டு அடி உயரத்துக்கு, வெள்ளை வெளேரென்று, வெயிலில் நின்றுகொண்டிருந்தது. ஏழாம் நம்பர் டேங்க்.

பம்பு நின்றது பத்து இருபதுக்கு. நின்றதைக் காது முதலில் சொல்லவில்லை, உள்ளங்கால் சொன்னது. விடிகாலை நான்கு மணியிலிருந்து துறைமுகத்துக் கப்பலின் மண்ணெண்ணெய் குழாய் வழியே வந்து இந்த டேங்குக்குள் விழுந்துகொண்டிருந்தது. அந்த அதிர்வு தரையில் ஓடி, தோல் பூட்ஸின் அடி வழியாக ஏறி, முழங்காலில் ஒரு எறும்புக் கூட்டம்போலக் குடியிருந்தது. இப்போது எறும்புகள் இல்லை. அவள் சட்டைப்பையிலிருந்து சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, டேங்கைச் சுற்றி மேலே போகும் இரும்புப் படிகளில் முதல் படியின் நெற்றியில் 10.20 என்று எழுதினாள். பெரிதாக எழுதினாள், பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதுவதுபோல. இந்தக் கிடங்கில் அது அவள் கொண்டுவந்த வழக்கம். பத்து டேங்குகளுக்கும் அதுதான் சட்டம். படியில் சுண்ணாம்பு எண் இருந்தால், அதிலிருந்து முப்பது நிமிடம் மேலாளராக இருந்தாலும் ஏறக்கூடாது. புதிதாக வருகிறவர்கள் அதைக் கோலமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். பதினான்கு வருடமாக இங்கே எண்ணெயின் உயரத்தை அளக்கிறவள் அவள். கட்டுப்பாட்டு அறையில் திரை இருக்கிறது, அதில் எண் தானாகவே ஓடுகிறது, ஆனால் கப்பல்காரனும் கிடங்குக்காரனும் கையெழுத்துப் போடுகிற காகிதத்தில் ஏறுவது சந்தனமாரி அளவு டேப்பை டேங்குக்குள் இறக்கிக் கண்ணால் பார்த்துச் சொல்லும் எண்தான். டேங்கின் அகலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் எழுநூறு லிட்டர். ஒரு அரிசியின் பருமனில் மூன்றரை பீப்பாய். அதை அவள் சொல்கிறாள், அவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். முதல் மாதத்தில் ஒரு கப்பல் அதிகாரி அவளைத் தாண்டி அவள் பின்னால் பார்த்து, அளக்கிற ஆள் எங்கே என்று கேட்டான். அவள் டேப்பைத் தூக்கிக் காட்டினாள். அவ்வளவுதான். அதை நினைக்கும்போதெல்லாம் முதுகெலும்பு தானாக நிமிர்ந்துகொள்ளும், இப்போதும் நிமிர்ந்தது. இடது கையைத் திருப்பி மணி பார்த்தாள். சாவி கொடுக்கிற பழைய கடிகாரம். பேட்டரி போட்டது எதுவும் உள்ளே ஆகாது. செல்போன் வாசல் காவலறையில், பூட்டிய பெட்டியில் இருக்கிறது. வளையல்கள் சாப்பாட்டு டப்பாவுக்குள் இருக்கின்றன. பத்து இருபத்தொன்று.

பதினொரு மணிக்கு நித்திலா பதில் சொல்ல வேண்டும். கோவில்பட்டி விளையாட்டு விடுதியிலிருந்து இரண்டு பேர் பள்ளிக்கூடத்துக்கு வந்திருப்பார்கள், தலைமையாசிரியை அறையில் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் கழுத்தில் விசில் தொங்கும், போன மாதம் தேர்வுக்கு வந்தபோதும் தொங்கியது. நாற்பது பிள்ளைகளை ஓடவிட்டு, பந்தைத் தள்ளவிட்டு, மூன்று பேரை எடுத்தார்கள். அந்த மூன்றில் ஒன்று நித்திலா. பதினொரு வயது. ஹாக்கி மட்டையைப் பிடித்துக் குனிந்து நிற்கும்போது அவள் தோள் எலும்புகள் இரண்டும் சட்டைக்குள் சிறகுபோல எழும்பும். எதிரி பந்தோடு வரும்போது மற்றப் பிள்ளைகள் மட்டையை வீசிக்கொண்டு ஓடுவார்கள், இவள் ஓடமாட்டாள், நிற்பாள், கடைசி நொடி வரை நிற்பாள், அப்புறம் மட்டையைத் தரையோடு ஒரே ஒரு வை. பந்து அவளிடம் இருக்கும். "இந்தப் பொறுமை சொல்லிக்குடுத்து வாரதில்லய்யா" என்று விசில்காரர் லிங்கத்துரையிடம் சொன்னாராம். லிங்கத்துரை உப்பு லாரி ஓட்டுகிறவன், லாரியை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தான், வந்து இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லிக்குடுத்து வாரதில்ல, சொல்லிக்குடுத்து வாரதில்ல. பின்னே எங்கிருந்து வரும், என்று சந்தனமாரி கேட்கவில்லை. கேட்காமலே நெஞ்சு பம்மென்று நிறைந்துவிட்டது. ஆறு வருடம் விடுதியில் இருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை வீட்டுக்கு. விடுதிக்காரர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள், அப்பா அம்மா கையெழுத்து போதாது, பிள்ளை தன் வாயால் வருகிறேன் என்று சொல்ல வேண்டும், பாதியில் அழுதுகொண்டு ஓடிவருகிற பிள்ளைகளால் மற்றப் பிள்ளையின் இடம் வீணாகிறது. நியாயம். நேற்றுச் சாயங்காலம் நித்திலா சீருடைப் பாவாடையோடு அடுப்பு மேடையில் ஏறி உட்கார்ந்து, "நீங்க என்னம்மா சொல்லுதீங்க?" என்று கேட்டாள். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்." "சும்மா சொல்லுங்கம்மா." "சும்மாவும் சொல்ல மாட்டேன்." "அப்ப நான் போனாலும் ஒங்களுக்கு ஒண்ணுமில்ல?" அந்தக் கேள்விக்குக் குக்கர் விசில் அடித்தது. நல்ல வேளை என்று அப்போது தோன்றியது. இப்போது தோன்றவில்லை. விசில் ஓய்ந்த பிறகாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். பிள்ளை இறங்கிப் போய் மட்டையின் பிடிக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தது, தலை நிமிரவில்லை, அந்தக் குனிந்த கழுத்து, சடைக்கு இரண்டு பக்கமும் பூனை முடி. ஒண்ணுமில்ல என்று நினைத்துவிட்டதா. அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று.

மேகம் இல்லாத வானம், மின்னலுக்கு வழியில்லை, அது ஒரு கவலை குறைச்சல். காற்று கடலிலிருந்து வரத் தொடங்கிவிட்டது, உப்பளத்தின் மேல் வந்ததால் உதட்டில் கரித்தது. டேங்கிலிருந்து தரைக்குள் இறங்கும் செம்புப் பட்டை இறுக்கமாக இருக்கிறதா என்று மறுபடி குனிந்து பார்த்தாள். இருக்கிறது. காலையிலிருந்து மூன்று தடவை பார்த்தாகிவிட்டது. உள்ளே எண்ணெய் இப்போது என்ன செய்துகொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும், கண்ணால் பார்க்க முடியாததை அவள் மனசு வரைந்துவைத்திருந்தது. குழாயில் உரசி உரசி வரும் எண்ணெய், தலை வாரின சீப்பு மாதிரி. வாரின சீப்பைக் காகிதத் துணுக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் துள்ளி ஒட்டுமல்லவா, அந்த மின்சாரம். சீப்பில் இருப்பது ஒரு துளி, டேங்கில் இருப்பது எண்பது லட்சம் லிட்டரின் சிலிர்ப்பு. மேலே திரவத்துக்கும் கூரைக்கும் நடுவில் ஆவி. இந்தத் தூத்துக்குடி வெயிலுக்கு மண்ணெண்ணெய் ஆவி சரியாகப் பற்றிக்கொள்ளும் பதத்தில் இருக்கும். அந்த நேரத்தில் உச்சியைத் திறந்து ஒரு பித்தளைக் குண்டு கட்டிய டேப்பை இறக்கினால், எண்ணெயின் முகத்துக்கும் குண்டுக்கும் இடையில் ஒரு பொறி, ஊசி முனை அளவுக்கு, போதும். ஆனால் சும்மா விட்டுவிட்டால், யாரும் தொடாமல் விட்டுவிட்டால், அந்தச் சிலிர்ப்பு மெல்ல மெல்லத் தகட்டில் இறங்கி, பட்டையில் இறங்கி, மண்ணுக்குள் போய்விடும். அடங்கிவிடும். ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள், டேங்க் அடங்கிட்டா? மருந்து கிடையாது, விசிறி கிடையாது, பொத்தான் கிடையாது. நேரம் மட்டும்தான். அவளுடைய வேலையில் பாதி இந்த உட்கார்ந்திருப்பது. இதை வேலை என்று யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை, மாமியார் ஒரு நாள் சாப்பாடு கொடுக்க வாசல் வரை வந்து தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, சும்மாதான இருக்கா என்று ஊரெல்லாம் சொன்னார். சும்மாதான். சும்மா இருப்பதற்குத்தான் சம்பளம். பத்து இருபத்தொன்பது.

"என்னக்கா, இன்னும் கீழயே இருக்கீங்க?" கப்பல் ஏஜென்டு அலுவலகத்து ஆல்வின் வந்துகொண்டிருந்தான். முப்பது வயசு, கையில் கோப்பு, தலைக்கவசம் கழுத்துக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. "கப்பல்ல கேப்டன் கத்துதாரு. கப்பலை வெளிய கூட்டிட்டுப் போற பைலட்டு பதினொன்னேகாலுக்கு வாராராம். அதுக்குள்ள காயிதம் போகணும்." சந்தனமாரி சுண்ணாம்பு எண்ணைக் காட்டினாள். "வாசிக்கத் தெரியும்லா?" "தெரியும்க்கா. ஆனா பத்து நிமிசம் முன்னப்பின்ன ஏறுனா டேங்க் என்ன கோச்சுக்கவா போகுது?" "கோச்சுக்கும்." "அடுத்த கிடங்குல பத்து நிமிசத்துலயே ஏறுதானுவ. ஒண்ணும் நடக்கல." "தலையில மாட்டுததை தலையில மாட்டு. கழுத்துக்கு எதுக்கு அது?" அவன் தலைக்கவசத்தைச் சரியாக வைத்துக்கொண்டு, சிரித்து, "ஒங்ககிட்ட ஒங்க மக எப்படித்தான் இருக்காளோ" என்று சொல்லிவிட்டு நிழல் தேடிப் போனான். விளையாட்டாகத்தான் சொன்னான். அவனுக்கு என்ன தெரியும். ஆனால் போகிற போக்கில் அவன் போட்ட இரண்டு சொற்களும் காலில் முள்ளாக ஏறிவிட்டன. ஒங்க மக. ஒண்ணும் நடக்கல.

ஒண்ணும் நடக்கல. அந்தச் சொல்லுக்கு அவள் பயப்படுகிற மாதிரி நெருப்புக்குக்கூடப் பயந்ததில்லை. ஏனென்றால் அன்றைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. நித்திலாவுக்கு எட்டு மாதம், காய்ச்சல், இதே ஏழாம் டேங்க். பம்பு நின்றது நான்கு பன்னிரண்டுக்கு. அவளுக்குப் பால் கட்டி, மார்பு கல்லாகி, பருத்திச் சட்டை இரண்டு பக்கமும் நனைந்து, கையில் இருந்த கோப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து மறைத்துக்கொண்டு நின்றாள். வீட்டில் பிள்ளை புட்டிப் பாலைத் துப்பிக்கொண்டிருக்கும் என்று தெரியும். அப்போது படியில் எழுதும் வழக்கம் கிடையாது, பதிவேட்டில் எழுதுவார்கள். அவள் நான்கு பன்னிரண்டை நான்கு மணி என்று எழுதினாள். பன்னிரண்டு என்பதை எழுதாமல் விட்டாள், அவ்வளவுதான், பேனா அந்த இடத்துக்குப் போகவே இல்லை. பதினெட்டாவது நிமிடத்தில் மேலே நின்றாள். மூடியைத் திறந்தாள். டேப்பை இறக்கினாள். குண்டு எண்ணெயைத் தொடப்போகும் நேரம், உள்ளேயிருந்து ஒரு சத்தம். டிக். நகம் தட்டில் படுவதுபோல, பல்லி சொல்வதில் பாதிபோல. டிக். டேப்பின் கைப்பிடியில் பல்சக்கரம் நகர்ந்ததாக இருக்கலாம். கூரைத் தகடு வெயில் இறங்கிச் சுருங்கியதாக இருக்கலாம். அல்லது. அவள் அளந்தாள், இறங்கினாள், பஸ் பிடித்தாள், பிள்ளைக்குப் பால் கொடுத்தாள், பிள்ளை குடித்தது, காய்ச்சல் மறுநாள் விட்டது. ஒன்றும் நடக்கவில்லை. எண்கூடச் சரியான எண். ஆனால் பாயில் படுத்துப் பால் கொடுக்கும்போது பிள்ளையின் தொண்டையில் ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு சின்னச் சத்தம் வரும், டிக், டிக், அதைக் கேட்டு அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. வேலைக்குத் திரும்பிய அன்று சுண்ணாம்புக் கட்டி வாங்கிப்போனாள். படியில் பெரிதாக எழுதினால் பேனா ஓரிடத்துக்குப் போகாமல் விட முடியாது, பம்பு ஆள் பார்ப்பான், காவலாளி பார்ப்பான், வெயில் பார்க்கும். ஏன் என்று மேலாளர் கேட்டபோது எல்லாருக்கும் தெரியும்படி இருக்கட்டும் சார் என்றாள். நல்ல யோசனை என்று அவர் பத்து டேங்குக்கும் அதையே உத்தரவாகப் போட்டார். ஒரு பாராட்டுக் காகிதம்கூட வீட்டில் இருக்கிறது, கண்ணாடி போட்டு. அதைத் துடைக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த டிக். பத்து வருடமாக யாரிடமும் சொல்லவில்லை, லிங்கத்துரையிடம்கூட. பெருமைப்படக் கூடாதா என்றால் படலாம், படுகிறாள், அதற்குப் பிறகு ஒரு நாளும், ஒரு நிமிடமும் அவள் முந்தியதில்லை. மழையில் நனைந்துகொண்டு நின்றிருக்கிறாள், மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்த அன்றும் நின்றிருக்கிறாள். ஆனால் அந்தப் பெருமைக்கு அடியில், டேங்கின் அடியில் வண்டல் கிடப்பதுபோல, அது கிடக்கிறது.

பத்து முப்பத்திரண்டு. இப்போது அந்த எண்ணம் வந்தது. வந்தது என்று சொல்லக்கூடாது, ரொம்ப நேரமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, இப்போதுதான் தொண்டையைச் செருமியது. இந்த நிமிடம் ஏறினால், மூன்று முறை அளந்து, இறங்கி, எழுதிக் கொடுத்து, வாசலுக்கு ஓடினால், பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் கையில் இருக்கும். லிங்கத்துரை பள்ளிக்கூடத்தில் பிள்ளையோடு இருப்பான். கொடுங்க அவகிட்ட, என்று சொல்லலாம். ஏட்டி நித்தி, அம்மா நேத்து சொல்லலைல்லா, இப்பச் சொல்லுதேன். அதற்கு மேல் என்ன சொல்வாள்? போ என்று சொல்வாளா? அவளே தன்னைப் பார்த்துக் கேட்டாள், பொய் சொல்லாமல் சொல்லு சந்தனமாரி. போகாதே என்று சொல்லத்தான் வாய் துடிக்கிறது. வீடு பொழுதடையும்போது எப்படி இருக்கும், சுவரில் பந்து மோதும் சத்தம் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரி சுவர் அதிருது என்று சண்டைக்கு வராமல். இந்தப் பெருமையெல்லாம் எதற்கு, விசில்காரர் சொன்ன பொறுமை எதற்கு, பிள்ளை பக்கத்தில் இல்லாவிட்டால். கோவில்பட்டி அறுபது கிலோமீட்டர். அறுபது கிலோமீட்டரில் எத்தனை மில்லிமீட்டர், ஆறு கோடி. ஆல்வின் தூரத்தில் நின்று மணியைத் தட்டிக் காட்டினான். அவன்கூட இப்போது அவள் பக்கம்தான். கப்பல் அவள் பக்கம். கேப்டன் அவள் பக்கம். பம்பு ஆளிடம் சொன்னால் சுண்ணாம்பைத் துடைத்துவிட்டு வேறு எண் எழுதினாலும் கண்ணை மூடிக்கொள்வான், அக்கா ஒருநாளும் கேட்டதில்லையே என்று. எழுந்து நின்றாள். கால் முதல் படிக்குப் பக்கத்தில் போனது. எண் தெரிந்தது. 10.20. சைபரின் வட்டம் கொஞ்சம் கோணல். தன் கையெழுத்துத்தான். அது பன்னிரண்டு நிமிடத்துக்கு முன் இருந்த சந்தனமாரி இப்போது இருக்கிற சந்தனமாரிக்கு எழுதிவைத்த கடிதம்போல இருந்தது, ஒரே ஒரு சொல் உள்ள கடிதம். டேங்குக்கு உள்ளே இருப்பதற்குத் தெரியாது யாருக்கு அவசரம் என்று. பாலுக்கு அழுகிற பிள்ளையா, பதினொரு மணிக்குப் பதில் சொல்லப்போகிற பிள்ளையா, அதற்கு எல்லாம் ஒன்று. அது தன் நேரத்துக்குத்தான் அடங்கும். இன்னும் பதினெட்டு நிமிடம். பதினெட்டு. அந்த எண்ணைக் கண்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது. காலைப் பின்னால் எடுத்தாள். போய் முன்பு இருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். நேற்று பிள்ளை கேட்டபோது தான் வாய் மூடியிருந்தது தப்பா? தப்பில்லை. நிரம்பியிருந்தது பிள்ளை, டேங்கைப்போல. கேட்கும்போதே கண் நிரம்பியிருந்தது. அந்த நேரத்தில் ஒரு சொல்லை இறக்கியிருந்தால், போ என்றாலும் போகாதே என்றாலும் பொறிதான். அவள் சொல்லாமல் விட்டது சரிதான். ஆனால் சொல்லாமல் விட்டதைப் பிள்ளை எப்படி எடுத்துக்கொண்டது என்பதை அளக்க எந்த டேப்பும் கிடையாது. அதை நினைத்தபடி மீதி நிமிடங்களை ஒவ்வொன்றாகக் கடந்தாள், நாற்பது, நாற்பத்திரண்டு, ஒரு காகம் படியின் கைப்பிடியில் உட்கார்ந்து, சூடு தாங்காமல் காலை மாற்றி மாற்றி வைத்து, பறந்தது, நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டிலேயே முள் ரொம்ப நேரம் நின்றது.

பத்து ஐம்பதுக்கு ஏறினாள். கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகி, வெறும் கையால் கைப்பிடியைப் பிடித்தாள். தன் உடம்பிலும் ஏதாவது சிலிர்ப்பு மிச்சமிருந்தால் அது இரும்பில் இறங்கட்டும். அறுபத்தெட்டுப் படிகள், அவசரமாக ஏறினால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் ஆவியை இழுக்க நேரும், அதனால் ஒரே சீராக. மேலே போனதும் கடல் தெரிந்தது. கப்பல் தெரிந்தது, பொம்மை மாதிரி. மறுபக்கம் உப்புக் குவியல்கள், அவற்றுக்கு அப்பால் ஊர், ஊருக்குள் எங்கேயோ பள்ளிக்கூடத்தின் சிவப்பு ஓடு, தெரியவில்லை, தெரிகிறது என்று வைத்துக்கொண்டாள். காற்று முகத்திலும் அடிக்காமல் முதுகிலும் அடிக்காமல் இடது தோளில் அடிக்கும்படி நின்றாள். மூடியை விரல் அளவு திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, டேங்கை மூச்சு விடவிட்டாள். விட்டது. பிறகு முழுவதும் திறந்தாள். வாயின் விளிம்பில் வண்ணத்தில் எழுதியிருந்தது: 14,526. விளிம்பிலிருந்து அடித்தகடு வரை உள்ள உயரம், மில்லிமீட்டரில். அதையும் சரிபார்க்காமல் அவள் டேப்பில் எண்ணெய் நனைத்த எண்ணை நம்புவதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நம்பினாள். முன்பு யாரோ தவறவிட்டுச் சொல்லாமல் போன ஒரு குண்டு அடித்தகட்டில் கிடந்தது, அதன்மேல் இவள் குண்டு உட்கார்ந்து, எண் நாற்பது மில்லிமீட்டர் குறைந்து, இருபத்தெட்டாயிரம் லிட்டர் எங்கே ஒழுகியது என்று கிடங்கே இரண்டு நாள் மண்ணைத் தோண்டியது. மூன்றாம் நாள் அவளே மேலே ஏறி, உயரத்தை ஒத்துப்பார்த்து, இறங்கிவந்து, தப்பு என்னுது சார் என்றாள். அதைச் சொல்ல முடிந்தது. அந்த நான்கு பன்னிரண்டை. சரி, இப்போது வேண்டாம். டேப்பில் எண்ணெய்க் கோடு தெளிவாகத் தெரிய ஒரு பசையும், குண்டில் தண்ணீர் பட்டால் சிவக்கும் பசையும் தடவினாள். டேப் வாயின் விளிம்பை ஒட்டி உரசிக்கொண்டே இறங்கியது, ஒரு கணமும் விளிம்பை விட்டு விலகாமல், மெல்ல, கடைசியில் இன்னும் மெல்ல, எண்ணெயின் முகம் கலங்காமல். காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. குண்டு தரை தொட்டது விரலுக்குத் தெரிந்தது, ஒரு நாடித் துடிப்பு அளவுக்கு. விளிம்பில் டேப் 14,526 காட்டியது. மேலே சுற்றி எடுத்தாள். நனைந்த கோட்டைப் பார்த்தாள். சின்ன எண்ணை முதலில் படிக்க வேண்டும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் ஊர்ந்துவிடும். மூன்று, பிறகு நாற்பது, பிறகு எண்ணூறு, பிறகு பதினோராயிரம். 11,843. குண்டில் தடவிய பசை சிவக்கவில்லை, அடியில் தண்ணீர் இல்லை. பருத்தித் துணியால் துடைத்தாள். மறுபடி. 11,843. மறுபடி. 11,842. இரண்டாம் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் நடுவில் ஊருக்குள் மாதா கோயில் மணி பதினொன்று அடித்தது. அவள் எண்ணவில்லை, ஆனால் கை எண்ணியது, பதினொன்றாவது அடி ஓயும் வரை டேப் அசையாமல் நின்றது.

கீழே ஆல்வின் காகிதத்தை வாங்கிக்கொண்டு, "மூணு தடவையும் இப்படிக் கிட்டத்தட்ட ஒரே எண் வந்தா, ஒண்ணைப் பாத்து இன்னொண்ணை எழுதுனதுன்னுல்லா கப்பல்காரன் நெனைப்பான்" என்றான். "நீ ஏறி ஒரு தடவ எடுத்துப் பாரு." "வேண்டாம்க்கா, எனக்குத் தலை சுத்தும்." சொல்லிவிட்டு ஓடினான், கப்பல் அவனுக்காகக் காத்திருந்தது, பைலட்டு இன்னும் வரவில்லை. அவள் முதல் படியிலிருந்த எண்ணைத் துணியால் துடைத்தாள். துணியில் மண்ணெண்ணெய் ஈரம், சுண்ணாம்பு குழைந்து போனது, கோணல் சைபர் கடைசியாகப் போனது. பிறகு வாசலுக்கு நடந்தாள். ஓடவில்லை, கிடங்குக்குள் ஓடக்கூடாது. இருநூறு அடி. காவலறையில் பெட்டியைத் திறந்து போனை எடுத்து, கேட்டுக்கு வெளியே பத்தடி தள்ளிப் போய், லிங்கத்துரையை அழைத்தாள். அவன் எடுத்ததும் பின்னால் பிள்ளைகளின் இரைச்சல், இடைவேளை போலும். "எங்க போன நீ, நாலு தடவ அடிச்சிட்டேன்" என்றான். "டேங்க்ல." "தெரியும், டேங்க்ல." அவன் குரல் வழக்கத்தைவிட ஒரு படி கீழே இருந்தது. "பதினொன்னுன்னவங்க பத்தரைக்கே உள்ள கூப்புட்டு கேட்டாங்க. மத்த ரெண்டு பிள்ளைகளும் ஒடனே சொல்லிட்டுதுவ. இவ சொல்லல. அரை மணி நேரம் தாங்க சார்னுட்டா." "யாரு?" "ஒன் மகதான், வேற யாரு. அந்த விசில்காரர் சிரிச்சிட்டாரு. சரி போம்மான்னாரு. எங்கிட்டகூட வரல. கொடிக்கம்பத்துக்குக் கீழ போயி ஒத்தையா ஒக்காந்துட்டா. நான் பக்கத்துல போனேன். அப்பா இப்பப் பேசாதீங்கன்னுட்டா." சந்தனமாரி மதில் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். சுவர் சுட்டது. கையை எடுக்கவில்லை. அவன் தொடர்ந்தான்.

மாதா கோயில் மணி அடித்து முடிந்ததும் நித்திலா எழுந்து, பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, தலைமையாசிரியை அறைக்குப் போனாள். விடுதிக்குப் போகிறேன் என்று சொன்னாள்.